டி. ஆர். கோவிந்தாச்சாரி: மெரினா எதிரே ஓர் ஆய்வகம், தெருவோரத்தில் சில செடிகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தினேன். கரிம வேதியியல் பாடம் தொடங்கி நாலு வினைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதியதும், "எல்லாம் வெளிநாட்டுக்காரங்க பேராவே இருக்கே சார், நம்ம ஊர்க்காரங்க யாருமே இல்லையா?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பெயர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. அவரைப் பற்றிப் பிள்ளைகளும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும், உடன் வேலை பார்த்த ஆசிரியர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

யார் இந்த கோவிந்தாச்சாரி?

1915-இல் பிறந்து 2001-இல் மறைந்த வேதியியலாளர். சென்னை மாநிலக் கல்லூரியில், அதாவது பிரசிடென்சியில் படித்து, அங்கேயே பேராசிரியராகி, முதல்வராகவும் இருந்தவர். செடிகளில் இருக்கும் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. இதை இயற்கைப் பொருள் வேதியியல் என்பார்கள். 1960-இல் இந்திய விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கப்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். வேதியியலுக்காக அந்த விருதை முதலில் வாங்கியவர் அவர்தான். அதற்கு அடுத்த ஆண்டு வாங்கியவர் கல்கத்தாவின் அசிமா சாட்டர்ஜி. அவரும் செடிகளை ஆராய்ந்தவரே.

மாணவர்களுக்கும் வேதியியல் வட்டாரத்துக்கும் அவர் 'டிஆர்ஜி'.

பெயரில் இருக்கும் 'டி' எதைக் குறிக்கிறது?

தூத்துக்குடியை. ஆங்கிலத்தில் டூட்டிகோரின் என்று எழுதுவதால் 'டி'. 'ஆர்' என்பது ராகவாச்சாரி. ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் இனிஷியலாக வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம்.

அவருக்கு வேதியியல் ஆராய்ச்சி கற்றுக்கொடுத்தது யார்?

பிமன் பிஹாரி தே. பி. பி. தே என்று எழுதுவார்கள். வங்காளத்துக்காரர், பிரசிடென்சியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். இந்திய வேதியியலின் தந்தை என்று நாம் படிக்கும் பிரபுல்ல சந்திர ரேயின் மாணவர். ரே 1889-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, வகுப்பறையிலிருந்தே ஆராய்ச்சியாளர்களை உருவாக்கத் தொடங்கினார். அவரிடம் படித்த தே சென்னைக்கு வந்தார். தே சென்னையில் உருவாக்கியவர்களில் ஒருவர் கோவிந்தாச்சாரி. இன்னொருவர் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, தேயிடம் ஆராய்ச்சி பழகிவிட்டு இங்கிலாந்துக்குப் போனவர், பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பெரிய ஆய்வுக் குழுவை வளர்த்தார், 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இந்தத் தொடர்ச்சியை நான் வகுப்பில் ஒரு கோடு போட்டுக் காட்டுவேன். கல்கத்தாவில் ஒரு வாத்தியார், அவரிடம் படித்தவர் மெட்ராஸில் வாத்தியார், அவரிடம் படித்தவர் மறுபடியும் வாத்தியார். பெரிய கருவியோ கோடிக்கணக்கில் பணமோ இல்லாத காலத்தில் அறிவியல் இந்த வழியாகத்தான் ஊர்விட்டு ஊர் வந்தது.

வெளிநாட்டில் என்ன செய்தார்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, 1940-களின் பின்பாதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் என்ற புகழ்பெற்ற வேதியியலாளரிடம் ஆய்வு செய்தார். செனீசியோ என்ற செடி வகையின் ஆல்கலாய்டுகளை, அதாவது செடிகளில் கிடைக்கும் நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருள்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1949-இல் வந்தது.

ஆனால் நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வது வேறொன்று. 'ஆர்கானிக் ரியாக்‌ஷன்ஸ்' என்று ஒரு நூல் வரிசை உண்டு. ஒவ்வொரு வினையையும் அக்குவேறு ஆணிவேறாக விளக்கும் தடிமனான புத்தகங்கள். 1951-இல் வந்த ஆறாவது தொகுதியில் பிஷ்லர்–நாப்பியரால்ஸ்கி வினைக்கு ஒரு அத்தியாயம், பிக்டெட்–ஸ்பெங்ளர் வினைக்கு ஒரு அத்தியாயம். இரண்டையும் எழுதியவர்கள் வில்சன் வேலியும் நம் கோவிந்தாச்சாரியும். இரண்டுமே ஐசோகுவினோலின் என்ற வளைய அமைப்பை உருவாக்கும் வழிகள். நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் வாங்கினால் அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின் இந்த ஐசோகுவினோலின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வினைக்கு வெளிநாட்டுக்காரர் பெயர் இருக்கலாம். அதை எப்படிச் செய்வது என்று உலகத்துக்கே பாடமாக எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் மெட்ராஸ்காரர்.

பிரசிடென்சி அரசுக் கல்லூரிதானே? அங்கே இவ்வளவு ஆராய்ச்சி எப்படி நடந்தது?

இந்தக் கேள்வியில் ஒரு வருத்தமும் இருக்கிறது. இன்று அரசுக் கல்லூரி என்றாலே பாடம் நடத்தும் இடம், ஆராய்ச்சி வேறெங்கோ என்று பழகிவிட்டோம். பிரசிடென்சி 1840-இல் தொடங்கிய கல்லூரி. கடற்கரைக்கு எதிரே நிற்கும் சிவப்புக் கட்டடம் 1870-இல் திறக்கப்பட்டது. சி. வி. ராமன் படித்தது அங்கே, வானியற்பியலாளர் சந்திரசேகர் படித்தது அங்கே. சாயங்களின் வேதியியலில் பெயர் பெற்று, புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரான கே. வெங்கடராமனும் அங்கே படித்தவர்தான்.

கோவிந்தாச்சாரி அமெரிக்காவிலிருந்து திரும்பி இந்தக் கல்லூரிக்குத்தான் வந்தார். 1950-கள் முழுக்க அங்கிருந்து ஆய்வுக் கட்டுரைகள் லண்டன் கெமிக்கல் சொசைட்டி இதழிலும் 'டெட்ராஹீட்ரன்' இதழிலும் வெளிவந்தன. கட்டுரைகளில் அவர் பெயரோடு வரும் மற்ற பெயர்களைப் பாருங்கள்: கே. நாகராஜன், பி. ஆர். பாய், பி. சி. பார்த்தசாரதி, எம். வி. லக்ஷ்மிகாந்தம், எஸ். ராஜதுரை. குழுவாக உட்கார்ந்து செய்த வேலை அது. ஒரு ஆசிரியரின் சாதனையை நான் அளப்பது இந்தப் பெயர்களை வைத்துத்தான்.

செடியின் பொருளுக்கு 'அமைப்பு கண்டுபிடிப்பது' என்றால் என்ன? அதில் என்ன கஷ்டம்?

பூக்காரம்மா கட்டிய கதம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லி, மரு, கனகாம்பரம், தவனம் எல்லாம் கலந்து கட்டியிருக்கும். இப்போது உங்கள் கண்ணைக் கட்டிவிட்டு, எந்தப் பூ எத்தனை, எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எது முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிப்பது அந்த வேலை.

1950-களில் இதற்குக் கைகொடுத்த முறைகள் குறைவு. முதலில் உலர்ந்த செடியைக் கரைப்பானில் ஊறவைத்து, சாற்றை வற்றவைத்து, திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து படிகமாக்க வேண்டும். உருகுநிலை பார்க்க வேண்டும். கொஞ்சம் எரித்துப் பார்த்தால் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று தெரியும். ஹைட்ரோ அயோடிக் அமிலத்தோடு கொதிக்கவைத்தால் மெத்தாக்சி தொகுதிகள் (ஆக்சிஜனோடு ஒரு மெத்தில் ஒட்டிய சின்னப் பகுதிகள்) மெத்தில் அயோடைடாகக் கழன்று வரும்; அதை அளந்து எத்தனை மெத்தாக்சி என்று கணக்கிடுவார்கள். இதுதான் சீசல் முறை. ஈதர் பாடத்தில் ஹைட்ரோ அயோடிக் அமிலம் ஈதரை உடைக்கும் என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இங்கே வந்து உதவும். அப்புறம் மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டும் என்ன என்று பார்ப்பார்கள். கதம்பத்தை முடிச்சு முடிச்சாக அவிழ்ப்பது.

அவிழ்த்ததோடு முடிந்துவிடாது. நீங்கள் சொல்லும் வரிசை சரிதான் என்று காட்ட, அதே வரிசையில் புதிதாக ஒரு கதம்பம் கட்டிக் காட்ட வேண்டும். ஆய்வகத்தில் எளிய பொருள்களிலிருந்து அதே மூலக்கூறைத் தொகுத்து, செடியில் கிடைத்ததும் இதுவும் ஒன்றே என்று நிரூபிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வருடக்கணக்கில்.

கரிசலாங்கண்ணியில் அவர் என்ன கண்டுபிடித்தார்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதுவும் பிள்ளைகளின் பாட்டிமார்களிடமிருந்து.

வள்ளலார் உயர்த்திச் சொன்ன கீரை கரிசலாங்கண்ணி. அதில் வெள்ளைப் பூ பூப்பது ஒன்று, மஞ்சள் பூ பூப்பது ஒன்று. தாவரவியலில் இரண்டும் வேறு வேறு செடிகள். மஞ்சள் கரிசலாங்கண்ணியில் இருக்கும் வெடெலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை கோவிந்தாச்சாரி, நாகராஜன், பாய் மூவரும் 1956-இல் வெளியிட்டார்கள். 16 கார்பன், 10 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன் கொண்ட மூலக்கூறு. அதில் ஒரே ஒரு மெத்தாக்சி தொகுதிதான் உண்டு, ஆனால் அது எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது? அதை மட்டும் சொல்வதற்குத் தனியாக இரண்டாவது கட்டுரையே 1957-இல் எழுதினார்கள். ஒரு மெத்தாக்சிக்கு ஒரு கட்டுரை! அந்தப் பொறுமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் வெடெலோலாக்டோன் இருக்கிறது. பாம்பு விஷத்தின் சில விளைவுகளை அது தடுக்கிறதா என்று பிற்பாடு பிரேசிலில் சோதித்தார்கள். ஆய்வகச் சோதனை அது. பாம்பு கடித்தால் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி, கீரைக்கட்டைத் தேடிப் போகக்கூடாது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். சென்னையில் சாலை நடுவிலும் அபார்ட்மென்ட் வாசல்களிலும் தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும் ஒரு செடியை அழகுக்காக வைத்திருப்பார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறித்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த உறவுச் செடி. சமைக்க வேண்டுமென்றால் தெரிந்த கீரைக்காரரிடம் வாங்குங்கள்.

நஞ்சறுப்பான் என்ற கொடியைப் பற்றியும் அவர் ஆராய்ந்தாராமே? ஆஸ்துமாவுக்கு அதைத் தின்னலாமா?

முதல் பாதிக்குப் பதில், ஆமாம். நஞ்சறுப்பானின் முக்கிய ஆல்கலாய்டு டைலோஃபோரின். இரத்தினகிரீஸ்வரனும் வெங்கடாசலமும் 1935-இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள், ஆனால் அமைப்பு தெரியாமல் இருந்தது. பிரசிடென்சி குழு அந்த அமைப்பைக் கண்டறிந்து, 1961-இல் டைலோஃபோரினைத் தொகுத்தும் காட்டியது. நான் மேலே சொன்ன கதம்பக் கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இரண்டாவது பாதிக்குப் பதில், வேண்டாம். அந்த இலை வாந்தியை வரவழைக்கும். ஒரு காலத்தில் அதற்காகவே மருந்தாகப் பயன்பட்டது. 1960-களின் கடைசியில் டெல்லியில் ஆஸ்துமா நோயாளிகளுக்கு இலையைக் கொடுத்துப் பார்த்தபோது பலருக்கு மூச்சு சீராயிற்று, கூடவே வாய்ப்புண், சுவை தெரியாமல் போவது, குமட்டல் எல்லாம் வந்தன. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகள் எல்லாமே அதே பலனைக் காட்டவில்லை. டைலோஃபோரின் உடலின் செல்கள் புரதம் உருவாக்குவதைத் தடுக்கக்கூடிய பொருள். அதன் நெருங்கிய உறவான டைலோக்ரெப்ரினைப் புற்றுநோய்க்காக 1966-இல் மனிதர்களிடம் சோதித்து, நரம்பு மண்டலத்தைப் பாதிக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். இன்ஹேலரை ஓரமாக வைத்துவிட்டு இலையை மென்று பார்ப்போம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்து, மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு செடிக்குள் வீரியமான பொருள் இருக்கிறது என்று வேதியியலாளர் காட்டினால், அதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம்.

கல்லூரியை விட்டு கம்பெனிக்குப் போனதும் செடி ஆராய்ச்சி நின்றுவிட்டதா?

இல்லை. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் பம்பாய் கோரேகாவில் ஆராய்ச்சி மையம் கட்டியது. 1963-இல் நேரு திறந்துவைத்த அந்த மையத்துக்கு இயக்குநராகப் போனார் கோவிந்தாச்சாரி. நாகராஜன், பார்த்தசாரதி போன்ற அவருடைய மாணவர்களும் அங்கே வேலை செய்தார்கள். மனச்சோர்வுக்கான சின்டாமில் என்ற மருந்து அந்த மையத்தில் உருவானதுதான்.

அங்கிருந்து வந்த செடி ஆராய்ச்சிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கொக்கிகளால் பற்றி ஏறும் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் என்ற கொடி இருக்கிறது. 1970-வாக்கில் அதிலிருந்து ஆன்சிஸ்ட்ரோகிளாடின் என்ற ஆல்கலாய்டை அவரும் பார்த்தசாரதியும் கண்டறிந்தார்கள். இரண்டு வளையப் பகுதிகளை ஒரே ஒரு பிணைப்பு இணைக்கிறது. வழக்கமாக அப்படிப்பட்ட பிணைப்பு அச்சில் சக்கரம் போலச் சுழலும். இதில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் தொகுதிகள் இடித்துக்கொள்வதால் சுழல முடியாது. இடப்பக்கம் முறுக்கியது ஒன்று, வலப்பக்கம் முறுக்கியது இன்னொன்று என இரண்டும் தனித்தனிப் பொருள்களாகிவிடும். இப்படிப்பட்ட ஆல்கலாய்டு குடும்பத்தின் முதல் கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. இருபது வருடம் கழித்து கேமரூன் நாட்டில் இதே இனத்து இன்னொரு கொடியில் கிடைத்த மிச்செல்லமின் பி எச்.ஐ.வி. கிருமியை ஆய்வகத்தில் தடுத்தபோது, உலகமே இந்தக் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தது.

இன்னொன்று கேம்ப்டோதெசின். 1966-இல் அமெரிக்காவில் வாலும் வானியும் சீனத்து மரம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த புற்றுநோய் எதிர்ப்புப் பொருள். 1972-இல் கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் அதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்தில் நிறையவே இருப்பதைக் கண்டார்கள். அப்போது அதற்கு மாப்பியா ஃபொட்டிடா என்று பெயர், இப்போது நோத்தாபோடைட்டஸ். கேம்ப்டோதெசினை மாற்றியமைத்து உருவான டோப்போடீகான், இரினோடீகான் என்ற இரண்டு மருந்துகளுக்கும் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் இரினோடீகான் பெயரைக் கேட்டிருப்பீர்கள். மனத்தை உறுத்தும் ஒரு விஷயமும் உண்டு. தேவை கூடியதும் மலையில் அந்த மரங்களைக் கண்டபடி வெட்டி எடுத்தார்கள், எண்ணிக்கை மளமளவென்று குறைந்துவிட்டது. கண்டுபிடித்தவரின் தவறில்லை. ஆனாலும் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

சென்னைக்குத் திரும்பினாரா?

திரும்பினார். மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருந்த அமிர்தாஞ்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தார். பிறகு கிண்டியில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் மையத்தில், பலர் பேரப்பிள்ளைகளோடு ஓய்வாக இருக்கும் வயதில், வேப்பங்கொட்டையைக் கையில் எடுத்தார்.

வேம்பில் அப்படி என்ன மிச்சம் இருந்தது?

நிறைய. பூச்சிகளை விரட்டும் அசாடிராக்டின் 1968-இல் பிரித்தெடுக்கப்பட்டது. 35 கார்பன், 16 ஆக்சிஜன் கொண்ட, படு சிக்கலான மூலக்கூறு; சரியான அமைப்பு தெரிய 1985 ஆயிற்று, ஆய்வகத்தில் முழுதாகத் தொகுக்க 2007 ஆயிற்று. வேப்பங்கொட்டையில் அது தனியாக இருப்பதில்லை, அண்ணன் தம்பி மாதிரி பல உறவுப் பொருள்களோடு சேர்ந்தே இருக்கும். அந்தக் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பிரிப்பதுதான் கோவிந்தாச்சாரி குழு செய்த வேலை. அசாடிராக்டின் எச், அசாடிராக்டின் ஐ என்று இரண்டு புதியவற்றை 1992-இல் அறிவித்தார்கள்.

இதற்கும் வயலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. விவசாயிகள் அடிக்கும் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெரியுமல்லவா? 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்பு கலந்து தெளிப்பார்கள். சாயங்காலத்தில் தெளி என்று பெரியவர்கள் சொல்வார்கள். காரணம், அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். பூச்சியை உடனே கொல்லாமல், இலையைத் தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் செய்வது அது. வேம்பின் பூஞ்சை எதிர்ப்புத் தன்மைக்கு அமெரிக்கத் தரப்பு ஐரோப்பாவில் வாங்கியிருந்த காப்புரிமை 2000-இல் ரத்தானது, 2005-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. நமக்குக் காலங்காலமாகத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் உரிமை கொண்டாடும்போது, அதை நாமே முறையாக ஆராய்ந்து எழுதி வைத்திருப்பது எவ்வளவு தேவை என்று அந்த வழக்கைப் படித்தபோது தோன்றியது.

நீட்டுக்கோ ஜேஇஇ-க்கோ இவர் பெயர் வருமா?

வராது. பிஷ்லர்–நாப்பியரால்ஸ்கி கல்லூரிப் பாடம். ஆனால் அந்தத் தேர்வுகளுக்கு நீங்கள் படிக்கும் ஈதர், ஆல்டிஹைடு, அமைடு எல்லாமே அவர் கையில் துப்பறியும் கருவிகளாக இருந்தவை. அப்படி நினைத்துப் படித்தால் பாடம் கொஞ்சம் இளகும்.

வீட்டிலோ பள்ளியிலோ பிள்ளைகளோடு சின்னதாக ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

முடியும். கரிசலாங்கண்ணி இலை நாலைந்து எடுத்துச் சிறிய உரலில் நசுக்குங்கள். சாறு காற்றுப் பட்டுக் கறுப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்; பாட்டிமார் துணியை இந்தச் சாற்றில் தோய்த்து உலர்த்தி, திரி போட்டு எரித்துக் கண்மை எடுத்ததையும் அப்போது சொல்லலாம். பிறகு நசுக்கிய இலையோடு இரண்டு ஸ்பூன் நெயில் பாலிஷ் ரிமூவர் சேர்த்துக் கலக்குங்கள். அசிட்டோன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது, பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். தெளிந்த பச்சைச் சாற்றில் ஒரு சொட்டை வடிதாள் பட்டையின் அடியில் வைத்து உலரவிட்டு, பட்டையின் நுனி மட்டும் அசிட்டோனில் நனையும்படி ஒரு டம்ளரில் நிறுத்துங்கள். திரவம் தாளில் ஏறும்போது பச்சையிலிருந்து மஞ்சள் பிரிந்து மேலே போகும்.

நிறுத்துவதற்கு முன்னால், எத்தனை நிறம் பிரியும் என்று பிள்ளையை ஒரு எண் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் வேப்பிலையில் செய்யுங்கள், அதற்கும் ஒரு எண்.